இல்டாம்மாவின் சிவப்பு ஷூ

வைத்திக்குப்பத்துத் தையல்நாயகிக்கு ஜெர்மனியில் போய் இறங்கின மறுநாளே செருப்பு வார் அறுந்தது. எண்பத்து நாலாம் வருஷம், ஜூன் மாசம். மீனவப் பெண்கள் சங்கத்துத் தலைவி என்று அவளையும், பேச்சுத்துணைக்குப் பிரெஞ்சு படித்த வசந்தாவையும் அங்கே ஒரு மாதர் சங்கம் ரேகன்ஸ்புர்க் என்ற பழைய ஊருக்கு அழைத்திருந்தது. ஓட்டல் கீட்டல் எல்லாம் கிடையாது, இல்டா என்கிற அம்மாள் வீட்டில்தான் ஜாகை. அந்தம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியும். அவர் பேசுவதெல்லாம் வசந்தா வாய் வழியாகத் தமிழாகி வந்துகொண்டிருந்தது.

அறுந்த செருப்பைப் பார்த்ததும் இல்டாம்மா பீரோவைத் திறந்து ஒரு ஜோடி சிவப்பு ஷூவை எடுத்து நீட்டினார். மகள் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள வாங்கி வைத்தது, தோல் வாசனைகூடப் போகவில்லை. அதை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு அவர் பழசில் காலை நுழைத்துக்கொண்டார். தையல்நாயகிக்குக் கூச்சமாய்ப் போயிற்று. ஒரு கீறல் விழாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் சாமி என்று வேண்டிக்கொண்டாள்.

மூணு பேருமாய் ஊர் சுற்றக் கிளம்பினார்கள். டான்யூப் ஆற்றின் மேல் எண்ணூறு வருஷத்துக் கல்பாலம். தையல்நாயகி அதில் நின்று குனிந்து பார்த்து, இம்மாந்தண்ணி ஓடுதே, ஒரு வலையைக் காணோமே என்று வசந்தாவைப் பிடுங்கி எடுத்தாள். மஞ்சளும் ரோசுமாய்ச் சுவர்களைக் கண்டதும், நம்ம ஊர்ல பிரெஞ்சுக்காரன் கட்டின பீச்சோரத் தெருவைப் பாக்கவா பிளேன் ஏறி வந்தோம் என்று சிரித்தாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்புறம்தான் அந்தப் பெரிய மாதாகோயில். கோயில் என்றால் நம்ம ஊர் மனுஷி என்ன செய்வாள்? வாசலிலேயே ஷூவைக் கழற்றினாள். படியோரம் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். மணக்குள விநாயகர் கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிற ஆள் மாதிரி இவளும் என்று தையல்நாயகி முடிவே கட்டிவிட்டாள். ஷூவைக் கிழவி பக்கத்தில் ஜோடியாய் வைத்து, பத்திரம் என்று சைகை காட்டி, கையில் ஒரு காசையும் வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனாள். மற்ற இரண்டு பேரும் முன்னாலேயே போய்விட்டிருந்தார்கள்.

திரும்பி வந்தால் ஷூ கிழவி காலில் இருந்தது. கழற்றச் சொல்ல வாய் திறப்பதற்குள் கிழவி எழுந்து ஓடிவந்து, இவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். தையல்நாயகிக்கு அப்போதுதான் புரிந்தது. பிச்சை எடுக்கிறவளிடம் அல்லவா கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்!

பின்னாலேயே வந்த இல்டாம்மா கிழவியையும் பார்த்தார், இவளுடைய வெறுங்காலையும் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. எப்பேர்ப்பட்ட மனசு உனக்கு, கேட்காமலே கழற்றிக் கொடுத்துவிட்டாயே என்று கட்டிக்கொண்டார். "அப்படியே இருந்துட்டுப் போவட்டும்க்கா, வாயத் தொறக்காத" என்று வசந்தா தையல்நாயகியின் காதில் கிசுகிசுத்தாள்.

சும்மா இருந்தால் போதும், தர்மவதி என்று பேர். ஆனால் தையல்நாயகி அந்தப் பிடியிலிருந்து விலகி நின்றாள்.

"நான் குடுக்கலம்மா. பாத்துக்கச் சொல்லித்தான் வச்சிட்டுப் போனேன். உம் பொருளைத் தொலைச்சிட்டேன். சொல்லு வசந்தா, உள்ளது உள்ளபடி சொல்லு."

வசந்தா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னாள். இல்டாம்மா ஒரு கணம் விழித்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நிற்க முடியாமல் கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேண்டுமானால் கேட்டு வாங்கித் தரட்டுமா என்றார். கிழவி அந்தச் சிவப்பு ஷூவோடு வாசலில் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால்ல ஏறினதைக் கழட்டச் சொல்றதா? வேணாம்மா" என்றாள் தையல்நாயகி.

இல்டாம்மா தன் ஷூவைக் கழற்றி நீட்டினார். மீன்கூடையோடு வெயிலில் தார் ரோடு அளந்த கால் இது, வேண்டவே வேண்டாம் என்று இவள் மறுத்தாள். அப்படியானால் எனக்கும் வேண்டாம் என்று அந்தம்மா அதைக் கையிலேயே தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் இறங்கிவிட்டார். ஊரே திரும்பிப் பார்த்தது. கல்பாலத்தில் ஏறும்போது தையல்நாயகியின் தோளில் கை போட்டுக்கொண்டு ஏதோ சொன்னார்.

வசந்தா அதைத் தமிழில் சொன்னாள்:

"சும்மா இருந்திருந்தா இன்னிக்கு நீ பெரிய மனுஷின்னு நெனச்சிருப்பாங்களாம். உண்மையைச் சொல்லிட்டியாம், இனிமே நீ அவங்க வீட்டு மனுஷியாம்."