ரோசரி பார்த்த போல்ட்டு

காந்தி மார்க்கெட் பக்கத்து இரும்புக் கடையில், வெள்ளைக்காரன் காலத்துத் தன் வாடகைக் காரின் பிரேக்குக்கு, இன்னாசிராஜ் பளபளக்கும் போல்ட்டுகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தான். மனைவி ரோசரி ஒன்றைப் பிடுங்கி, கடையின் வைஸ் இடுக்கியில் இறுக்கி, சுத்தியலால் ஒரு போடு போட்டாள். படக்கென்று ஒடிந்தது.

"ஏம்மா, இதென்ன வெண்டைக்காயா, ஒடிச்சுப் பாக்குறீங்க?" என்று அலறினார் கடைக்காரர்.

"வெண்டைக்கா ஒடிஞ்சா வாங்கலாம். இது ஒடிஞ்சா இவரு காரோட காவேரிக்குள்ள போயிடுவாருங்க!"

கறுப்பு போல்ட்டு ஒன்று எத்தனை அடிக்கும் அசையவில்லை. அந்த ரகத்தையே வாங்கி மாட்டினார்கள். அப்படியே மார்க்கெட்டில் காயும் வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்து வீட்டுக்குக் கிளம்பினார்கள். பாலத்தில் எருமை குறுக்கே வர, கார் ஆணி அடித்தாற்போல் நின்றது. ரோசரி கைகொட்டிச் சிரித்தாள்.

மத்தியானச் சாம்பாரில் வெண்டைக்காய் மெல்லவே முடியவில்லை.

"போல்ட்டு பாத்த ஜோர்ல," என்றாள் ரோசரி, "காயையும் ஒடியாததாப் பாத்து எடுத்துட்டேங்க!"