முதுகு காட்டிய படம்

காலையில் துறைமுகத்துக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்து என் கணவன் பிரைட்டன் ஒரு படத்தைப் போட்டிருந்தான். பதினொரு மணிக்கு நான் பார்த்தபோது அதை நாலாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள். கீழே வரிசையாகச் சிங்கள எழுத்து. போனிலேயே மொழிமாற்றிப் படித்தேன். 'இவனை மறுபடி நாட்டுக்குள் விடக்கூடாது.' 'கூட்டிப்போன கைடு யார்?'

அதற்குப் பதில் படத்தின் மேலேயே இருந்தது. 'எங்களை அருமையாகச் சுற்றிக் காட்டிய யோகராசா அண்ணனுக்கு நன்றி' என்று அவர் போன் எண்ணும் சேர்த்து பிரைட்டனே எழுதியிருந்தான்.

போன வாரம் இலங்கையில், வெல்லவாயவைத் தாண்டிக் காட்டுக்குள் அந்தப் பாறையைப் பார்த்தோம். யானை படுத்ததுபோல் ஒரே கல். அதில் ஏழு உருவங்கள், நடுவில் பனை உயரத்துக்குப் புத்தர். ஆயிரம் வருஷ மழை முகத்தைக் கரைத்திருந்தது. யாரோ நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொல்லாமலே விட்டதுபோன்ற முகம். நூற்று நாற்பது படம் எடுத்தேன்.

"கல்லுக்குக் கல்யாண ஆல்பம் போடுதியா, ஏளா? மாப்பிள்ளை இங்கன நிக்கேன்" என்றான் பிரைட்டன்.

யோகராசா அண்ணன் பதுளைக்காரர். இறங்கும்போதே சொன்னார்: "புத்தருக்கு முதுகு காட்டி நின்னு படம் எடுக்க வேணாம், தங்கச்சி. இங்க அது பெரிய குத்தம்." அவர் தண்ணீர் எடுக்க வண்டிக்குப் போன இரண்டு நிமிஷத்தில் பிரைட்டன் பாறைக்கு முதுகு காட்டி, கைகளை விரித்து நின்றான். எடுத்தது நான்.

பிரைட்டனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நிலக்கரித் தளத்தில் வேலை முடியும்வரை போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். யோகராசாவின் போனும் அணைந்திருந்தது. முத்தையாபுரத்தில் பேருந்து ஏறித் துறைமுக வாசலுக்குப் போனேன்.

"அண்ணாச்சி, பிரைட்டனை ஒரு நிமிஷம் கூப்பிட முடியுமா?"

"வீட்ல யாருக்காவது சுகமில்லையா?" என்றார் காவலர்.

"இல்ல. ஒரு படத்தை அழிக்கணும்."

அவர் என்னைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்தார். "என்ன படம்னு நான் கேக்கல தாயி. ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியும். அந்த நெழல்ல போய் நில்லு."

லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. கரித்தூளைத் துடைத்துத் துடைத்துத் திரையைப் பார்த்தேன். ஆறாயிரம். ஒன்பதாயிரம். யாரோ யோகராசாவின் வண்டி எண்ணையும் போட்டிருந்தார்கள்.

இரண்டேகாலுக்கு பிரைட்டன் வந்தான். நான் சொல்லி முடிக்கும் முன்பே படத்தை அழித்தான். "நல்லதுன்னுதானே போட்டேன்" என்று இரண்டு தரம் சொன்னான். அப்போது என் போன் அடித்தது. யோகராசா. ஸ்பீக்கரில் போட்டேன். "படத்தை அழிச்சிட்டேன் அண்ணே" என்றான் பிரைட்டன்.

"அழிச்சது நல்லது தம்பி. ஆனா டூரிஸ்ட் ஆபீஸ்காரங்க கையில ஏற்கனவே போயிருச்சு. நாளைக்குக் காலையில ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க. நான் எதுவும் சொல்லித் தராம கூட்டிப்போனேன்னு எழுதியிருக்காங்க. கைடு லைசென்ஸ் போயிரும் போல." பிறகு கேட்டார்: "தங்கச்சி நல்லா இருக்கா?"

வைத்த பிறகு என் நூற்று நாற்பது படங்களையும் தள்ளிக்கொண்டே போனேன். எண்பதுக்குப் பக்கத்தில் ஒன்று. புத்தரின் காலடியைத்தான் எடுத்திருந்தேன். படத்தின் ஓரத்தில் பிரைட்டனும் யோகராசாவும் பதிந்திருந்தார்கள். முதல் தடவை பிரைட்டன் முதுகு காட்டப் போனபோது, யோகராசா அவன் தோளைப் பிடித்துப் பாறைப் பக்கம் திருப்புகிறார். பிரைட்டன் சிரிக்கிறான்.

"இதை அவருக்கு அனுப்புனா, தெரிஞ்சே செஞ்சேன்னு ஆயிரும்லா" என்றான். அடுத்த மாதம் கிரேன் பயிற்சிக்காகக் கொழும்பு போகிறான். நாலு வருஷமாகக் கேட்டு வாங்கியது. "என்னை மட்டும் வெட்டிட்டு அனுப்பு."

வெட்டிப் பார்த்தேன். அவனை வெட்டினால் தோளும் போனது. தோள் போனால் அந்தக் கை எதையும் பிடிக்காமல் காற்றில் நின்றது.

"அத்தான், நீங்களே பாருங்க."

வாங்கிப் பார்த்தான். பேருந்து ஒன்று வந்து, நின்று, போயிற்று. பிறகு வெட்டாத படத்தை யோகராசாவுக்கு அனுப்பிவிட்டு, அதன் கீழே கரி படிந்த பெருவிரலால் எழுதினான்: 'இவர் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. படம் போட்டவன் நான்.' பெயரைப் போட்டான்.

"ஆபீசுல நம்பணும்னா பாஸ்போர்ட் நம்பர் வேணும்லா. உன்ட்ட இருக்கா?"

என் பையில் நகல் இருந்தது. ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். கடைசி எண்ணில் வாய் நின்றுவிட்டது. அவன் நிமிராமல், விரலைத் திரைமேல் தூக்கி வைத்தபடி காத்திருந்தான்.

"ஏழு" என்றேன்.