லிமிட்டுக்கு மேல் ஒரு வாஷிங் மெஷின்

அக்கா ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு லாண்டரி தொடங்கிய நாளிலிருந்து அப்பா தன் சட்டையைத் தானே துவைக்கிறார். எட்டு மாதமாக. முன்னறையில் இரண்டு மெஷின்கள் தெருவில் உள்ளவர்களின் துணியையெல்லாம் துவைத்துக்கொண்டிருக்கும். பின்கட்டில் இவர் ஒரு பக்கெட்டோடு உட்கார்ந்து, கிரீஸ் படிந்த யூனிஃபார்மைக் கல்லில் அடித்துக்கொண்டிருப்பார். அந்தச் சத்தத்திலேயே தெரியும், பேச்சுவார்த்தைக்கு இடமில்லை என்று.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் எதற்கும் ஒரு லிமிட் உண்டு, அது சுவரில் எழுதி ஒட்டியிருக்கும் என்று நம்புகிறவர். "மாசச் சம்பளத்தை விட்டுட்டு அடுத்தவன் அழுக்கைத் தோய்க்கறேன்னு கிளம்பிட்டா. நான் இதுல தலையிட மாட்டேன்" என்று தினமும் இரண்டு வேளை தலையிடுவார்.

அக்காவின் இரண்டு மெஷின்களும் வீட்டு உபயோகத்துக்கானவை. அதில் ஒன்று பிழியும்போது சுவரோரத்திலிருந்து கிளம்பி வாசல்வரை வந்துவிடும். அதற்கு அக்கா 'வாக்கிங்' என்று பெயர் வைத்திருந்தாள். இந்த இரண்டை வைத்து வாடகைக்கும் கரண்டுக்கும் சம்பாதிக்கலாம், சாப்பிட முடியாது. மாதக் கடைசிக்குள் பெரிய ஆர்டர் கிடைக்காவிட்டால் பழைய ஆபீசுக்கே திரும்பிப் போவதாக அவளே தேதி குறித்திருந்தாள்.

ஆர்டர் கிடைத்தது. நான் படித்த காலேஜ் ஹாஸ்டலின் நூற்றிருபது படுக்கை விரிப்புகள், வாராவாரம். வார்டன் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: திங்கட்கிழமை நேரில் வந்து பார்ப்பார், அப்போது பெரிய மெஷின் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள். அந்த விரிப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அக்காவிடம் வர்ணிக்கவில்லை. தொழில் முனைவோரை ஆரம்பத்திலேயே பயமுறுத்தக் கூடாது.

சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு நாங்கள் மூவரும் மெஷின் கடையில் நின்றோம். பதினைந்து கிலோ மெஷின், கண்காட்சிக்கு வைத்திருந்தது, மேல்மூடியில் ஒரு கீறல். அந்தக் கீறலுக்காக நாற்பதாயிரம் தள்ளுபடி போக ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். அக்கா வாங்க வந்தாள். நான் தூக்க வந்தேன். தலையிடாத அப்பா, வாசல் அகலத்தை அளந்த டேப்போடு வந்திருந்தார்.

"அஞ்சு மணிக்கு சலூன்காரர் ஒருத்தர் வரேன்னிருக்கார். முழுப் பணத்தோட" என்றார் கடைக்காரர். "நீங்க முதல்ல வந்தீங்க, உங்களுக்குத்தான் முதல் உரிமை. ஆனா அஞ்சு மணி வரைக்கும்தான்."

அக்கா கையிலிருந்த பதினைந்தாயிரத்தை ரொக்கமாக எண்ணிக் கொடுத்துவிட்டு, மீதிக்குக் கிரெடிட் கார்டை நீட்டினாள். கடைக்காரர் ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று அடித்தார். அக்கா ரகசிய எண்ணைப் போட்டாள். கார்டு மெஷின் யோசித்தது. பிறகு 'கீங்' என்றது.

"ஓவர்லோடு" என்றார் அப்பா, பழக்கதோஷத்தில்.

"லிமிட் பத்தலை மா" என்றார் கடைக்காரர்.

"இல்லையே! ஒன்றரை லட்சம் ஆச்சே. மூணு வருஷத்துக்கு முன்னாடி பேங்க்ல இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணி, உங்களுக்கு ஒன்றரை லட்சத்துக்குத் தகுதி இருக்குன்னு சொன்னாளே!"

"சரின்னு சொன்னியா?" என்றார் அப்பா.

"தேங்க்ஸ்னு சொன்னேன்."

தகுதி இருக்கிறது என்றால் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. படித்து முடித்த கையோடு வேலை கிடைத்தவர்களுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். கார்டின் லிமிட் ஒரு லட்சத்தில்தான் நின்றிருந்தது. இருபதாயிரம் குறை.

"லிமிட்னா லிமிட்தான். பத்துப் பேர்னு எழுதியிருந்தா பதினோராவது ஆள் இறங்கித்தான் ஆகணும். நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் அப்பா.

"என்னைக்குப்பா சொன்னீங்க?" என்றாள் அக்கா.

"எல்லா அன்னைக்கும்தான்."

அக்கா மெஷினின் கீறலை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். எனக்கு அவள் பழைய ஆபீஸ் அடையாள அட்டையைப் பீரோவில் பத்திரமாக வைத்திருப்பது ஞாபகம் வந்தது. மணி நாலு இருபது.

"பேங்குக்கே போன் போட்டு லிமிட்டை ஏத்தச் சொல்லலாமா?" என்றேன். யோசனை சொல்வதற்குக் காசு ஆகாது. தவிர, என் போனில்தான் கூப்பிட்டாக வேண்டும். அக்கா புது எண் வாங்கியபோது பழைய சிம்மை எனக்குத் தந்திருந்தாள். பேங்கில் பதிந்திருப்பது அந்தப் பழைய எண்தான். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு நிமிடம் இசை கேட்டோம். கடைக்காரர்கூடத் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். பிறகு ஒரு பெண் குரல் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டு, பிறந்த தேதி முதல் எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

"மேடம், லிமிட் ஏத்தறதுக்கு வேலை நாள் ரெண்டு ஆகும். திங்கள், செவ்வாய் ஆயிடும்."

"இன்னைக்கே வேற வழியே இல்லையா?"

"எவ்வளவு மேடம் தேவை?"

"ஒரு லட்சத்து இருபதாயிரம்."

"உங்களால இப்பவே ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூறு வரைக்கும் யூஸ் பண்ண முடியுமே மேடம்."

கடைக்காரர் இன்னும் போட்டுக்கொண்டிருந்த தாளத்தை நிறுத்தினார்.

"லிமிட் ஒரு லட்சம்தானேங்க?"

"லிமிட் ஒரு லட்சம். அதுக்கு மேல பதினெட்டாயிரத்து அறுநூறு நீங்க கூடுதலாக் கட்டி வெச்சிருக்கீங்க மேடம். அது உங்க பணம். ஆறு மாசமா ஒவ்வொரு மாசமும் ரெண்டு தடவை கட்டறீங்க. ஒண்ணு உங்க அக்கவுண்ட்ல இருந்து வருது. இன்னொண்ணு பேங்க்ல ரொக்கமா வருது."

"ரொக்கமா? நான் பேங்குக்கே போறதில்லையே!"

"ரெண்டுக்கும் எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கோமே மேடம், இந்த நம்பருக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேங்கின் எஸ்எம்எஸ்களை நான் இரண்டு வருடத்துக்கு முன்பே மியூட் செய்திருந்தேன். ஒரு பேங்க் என்னை நினைத்துச் செய்தி அனுப்பும் என்று நம்பும் அளவுக்கு எனக்குத் தன்னம்பிக்கை இல்லை. திறந்து பார்த்தேன். இருநூற்றுச் சொச்சம் இருந்தன.

அக்கா போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அப்பா டேப்பை இழுத்து மெஷினின் அகலத்தை அளந்துகொண்டிருந்தார். மூன்றாவது முறையாக.

"அப்பா."

"இருபத்தேழு இன்ச். தாராளமா உள்ள போகும்."

"அப்பா, நீங்களா?"

"என்ன நானா?"

"கார்டுல சோப்புத் தூள், பிளீச் வாங்கின சீட்டெல்லாம் டப்பாவுல போட்டு வெப்பேனே. அதை எடுத்துக் கூட்டிப் பார்த்தீங்களா?"

அப்பா டேப்பை விட்டார். அது சுர்ரென்று உள்ளே ஓடியது. "நீ கட்டாம விட்டா வட்டி மேல வட்டி போடுவான். கேக்கவும் மாட்டே, ரோஷக்காரி. கார்டு நம்பர் உன் மேஜையிலதான் கிடந்துச்சு. பேங்க்ல போய்க் கட்டினேன். அதுக்கு என்ன இப்போ?"

"நானும் அதே சீட்டைக் கூட்டித்தானேப்பா மாசாமாசம் கட்டிட்டு இருந்தேன்!"

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

"நான்தான் இதுல தலையிடறதில்லையே" என்றார் அப்பா.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் அது சிரிப்பா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. கடைக்காரர் மரியாதையாகக் காலண்டரைப் பார்த்தார்.

"நாலு நாற்பது" என்றேன். யாராவது ஒருவர் குடும்பத்தில் பொறுப்போடு இருக்க வேண்டும். "இன்னும் ஆயிரத்து நானூறு குறையுது."

அப்பாவின் சட்டைப் பையிலிருந்து தொள்ளாயிரம் வந்தது. பிறகு எல்லோரும் மறுபடியும் என்னைப் பார்த்தார்கள். என் போன் உறைக்குள் ஓர் ஐந்நூறு இருந்தது. அவசரத்துக்கென்று நான்கு மாதமாக வைத்திருந்தேன். இதுவரை வந்த எந்த அவசரமும் அந்தத் தகுதியை அடையவில்லை.

"எஸ்எம்எஸ் பார்க்காததுக்கு ஃபைன்" என்று அக்கா அதை உருவிக்கொண்டாள்.

இந்த முறை கார்டில் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூறு என்று அடித்தார் கடைக்காரர். மெஷின் முன்னைவிட அதிகமாக யோசித்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். சீட்டு கரகரவென்று வெளியே வந்தது.

ஐந்து மணிக்கு சலூன்காரர் வந்தபோது மெஷினை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அவர் கீறலைப் பார்த்து "நல்ல வேளை" என்று சொல்லிக்கொண்டார். மெஷினின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டிருந்ததால் என்னால் கருத்துச் சொல்ல முடியவில்லை.

மெஷினை முன்னறையில் இறக்கி, தண்ணீர்க் குழாய் மாட்டி, அப்பா ரசமட்டம் வைத்து நான்கு காலையும் சரிசெய்தார். அக்கா காலித் தொட்டியை ஓடவிட்டாள். ஓர் அங்குலம்கூட நகரவில்லை. மூலையில் வாக்கிங் வெட்கப்பட்டது போலிருந்தது.

"மேல பதினஞ்சு கிலோன்னு போட்டிருக்கான்" என்றார் அப்பா தகட்டைப் படித்து. "எழுதறதுக்கு மேலயே கொஞ்சம் தாங்குற மாதிரிதான் செய்வான். லிஃப்ட்லயும் அப்படித்தான். வெளிய சொல்றதில்லை."

"லிமிட்னா லிமிட்தான்பா" என்றாள் அக்கா.

அவர் பின்கட்டுக்குப் போனார். பக்கெட் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நான்கு யூனிஃபார்ம்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து மேஜைமேல் போட்டார்.

"திங்கக்கிழமை அந்த வார்டன் வர்றதுக்குள்ள டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும்ல" என்றார். "கிரீஸ் போச்சுன்னா பையனுங்க பெட்ஷீட் அழுக்கும் போகும்."

அக்கா உருப்படிகளை எண்ணி, ரசீதுப் புத்தகத்தை எடுத்து, வாடிக்கையாளர் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை முழுதாக எழுதிக் கிழித்துக் கொடுத்தாள்.

"எவ்வளவு?" என்றார் அப்பா.

"ஏற்கெனவே கட்டிட்டீங்க."

அப்பா ரசீதை நான்காக மடித்து, காலியாக இருந்த சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அக்கா துணியை உள்ளே போட்டு மூடியை அழுத்தினாள். தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது.

பேங்க் மியூட்டை எடுத்துவிட்டிருந்த என் போன் நடுங்கியது. கார்டில் இவ்வளவு செலவு ஆகியிருக்கிறது, கட்ட வேண்டிய தேதி இது என்று பேங்க் சொன்னது. இரண்டு பேருக்கும் கேட்கும்படி சத்தமாக வாசித்தேன். அந்த மாதத்திலிருந்து அதுதான் என் வேலை.