கரி தின்ற கட்லா

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. மீன் செத்து மிதக்க ஆரம்பித்த நாளிலிருந்து சுத்தமாக வரவில்லை. உலை கொதிக்கும்போதே குட்டைக்கு ஓடுவேன், தண்ணீரைப் பார்ப்பேன், திரும்பி வந்தால் சோறு குழைந்திருக்கும். "நீ போயிப் பாத்தா செத்த மீனு எந்திரிச்சு நீந்துமா?" என்பார் என் வீட்டுக்காரர் முத்துப்பாண்டி. அவருக்கென்ன, குட்டையைக் கேட்டு வாங்கியவள் நானல்லவா.

ஓடைப்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டத்துக்குத் தண்ணீர் தேக்க வெட்டிய பண்ணைக்குட்டை அது. அதில் மீன் வளர்க்கிறேன் என்றதற்கு மாமனார் அழகுமலை லேசில் சம்மதிக்கவில்லை. கடைசியில், "ஒரு தடவ விட்டுப் பாக்கட்டும். செத்து நாறுச்சுன்னா அதோட சரி, மீனுங்கிற பேச்சே இருக்கக் கூடாது" என்றார். என்னிடம் இல்லை, மோட்டார் ரூம் சுவரிடம்.

எங்கள் வீட்டில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசுவதில்லை. அவருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் நாயைப் பார்த்து, "தாகமா இருக்கு" என்பார். நான் கொண்டு போய் வைப்பேன். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் காதில் விழும்படி முத்துப்பாண்டியிடம் சொல்வேன். கல்யாணமாகிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் இப்படியே ஓடிவிட்டது.

கட்லாக் குஞ்சும் ரோகுக் குஞ்சும் விட்டேன். மீன் வளர்ப்புப் பயிற்சியில் மகிமா மேடம் சொன்னபடி, தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசையும்போது சிரட்டையில் செய்த ஆக்டிவேட்டட் கார்பன் பொடியைக் கொஞ்சம் சேர்த்தேன். வயிற்றில் சேருகிற வேண்டாததையெல்லாம் அந்தக் கரி பிடித்துக்கொள்ளும், தண்ணீரும் சீக்கிரம் கெடாது என்று சொல்லியிருந்தார். "கரி திங்கிற மீன இப்பத்தேன் பாக்கேன்" என்று மாமனார் நாயிடம் சிரித்தார். ஆனால் குட்டையில் வீச்சம் குறைந்து, மீன் மினுமினுவென்று திரும்புவதைப் பார்த்ததும் தினமும் கரையில் வந்து நிற்க ஆரம்பித்தார். கரி மூட்டை நனையாமல் அடியில் பலகை போட்டு வைத்தவரும் அவர்தான்.

மழை விட்ட வாரம், மீன் உடம்பில் சிவப்புச் சிவப்பாகப் புண் வந்தது. மகிமா மேடம் வந்து பார்த்துத் தீவனத்தில் கலக்க மருந்து கொடுத்தார். "மருந்து முடியிற வரைக்கும் கரி வேணாம் அனுசுயாக்கா. மருந்தையும் அது சேத்துப் பிடிச்சுக்கிரும், மீனுக்கு ஒண்ணும் போய்ச் சேராது" என்றார். அன்றோடு கரியை நிறுத்தினேன். மூட்டை மோட்டார் ரூமிலேயே கிடந்தது.

மருந்து போட்டும் சாவு நிற்கவில்லை. மேடத்துக்குப் போன் மேல் போன் போட்டேன். முத்துப்பாண்டியிடம் எரிந்து விழுந்தேன். இந்த வீட்டில் எனக்கென்று நான் வாய்விட்டுக் கேட்டது இந்தக் குட்டை ஒன்றுதான், அதுவும் போகப் போகிறது என்று அழுதேன்.

"சும்மா பொலம்பாத, அறுத்துப் பாப்போம்" என்று முத்துப்பாண்டி செத்த கட்லா ஒன்றைக் கரையில் வைத்துக் கீறினார். நான் கரியை நிறுத்தியும் குடல் மை மாதிரிக் கறுத்திருந்தது.

"நீங்கதேன் கரி போடுறீகளா?"

"எனக்கென்ன கிறுக்கா?"

பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை.

மறுநாள் விடியும்போதே குட்டைக்குப் போய்விட்டேன். மும்முனைக் கரண்டு வந்ததும் மோட்டார் போட வருகிற மாமனார், போட்டுவிட்டுக் கரையில் குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு சட்டி. கரியையும் தவிட்டையும் பிசைந்து உருண்டை உருண்டையாகத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் கறுப்பு.

"தின்னுங்கடா. தின்னு பொழச்சுக்கங்க" என்று மீன்களிடம் கெஞ்சினார்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. சுற்றிலும் பார்த்தேன். சொல்லிவிட அங்கே வேறு ஆள் இல்லை.

"மாமா, கரியப் போடாதீக."

அவர் கை அப்படியே நின்றது. என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

"மருந்த அந்தக் கரி பிடிச்சுக்கிருது மாமா. மருந்து முடியிற வரைக்கும் ஆகாதுன்னு மேடம் சொன்னாக."

"ஒங்கிட்ட சொன்னாக" என்றார் அவர். "எங்கிட்ட யாரு சொன்னா?"

முத்துப்பாண்டி சொல்லியிருப்பார் என்று நான் இருந்துவிட்டேன். மாமனார் காதில் விழும்படி நான் சொல்லியிருப்பேன் என்று முத்துப்பாண்டி இருந்திருப்பார். கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அப்ப, செத்ததெல்லாம் என்னாலதேனா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. நல்லதுக்குன்னுதேன போட்டீக."

சட்டியைத் தண்ணீருக்கு எட்டாமல் தள்ளி வைத்தார்.

"மிச்சம் பொழைக்குமா?"

"வயித்துல கரி இல்லாம மருந்து போனா பொழைக்கும்னு நெனைக்கேன்."

"பொழைக்காட்டியும் குட்டை ஒனக்குத்தேன்" என்று எழுந்து என்னைப் பார்த்தார். "இனிமே எதுன்னாலும் எங்கிட்டயே சொல்லு ஆத்தா."