மேற்கோள் குறிக்குள் ஒரு காது

அந்த வரன் பக்கங்களைச் செய்தவள் நான்தான். பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. தொண்ணூற்று ஒன்பதில், டவுண் கீழ ரத வீதி மாடியில் ஞானசிகாமணி அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் சென்டர். எங்கள் ஆட்களின் பிள்ளைகள் பெங்களூர், அமெரிக்கா என்று போய்விட்டார்கள், வரன்களும் இன்டர்நெட்டில் ஏறட்டும் என்றார் அண்ணாச்சி. படிவங்களை டைப் அடித்ததும் நான், புரோகிராம் எழுதியதும் நான். இரண்டு பேர் வேலை.

"எழுதிக் குடுத்தத அப்படியே அடி. ஒரு புள்ளிய மாத்துனாலும் சண்டைக்கு வந்துருவாவ" என்பது அவர் உத்தரவு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கார்த்திகேசன் சார் மகள் கோமுவோடு படியேறி வந்தார். ஆழ்வார்திருநகரியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் எங்கள் பக்கத்தின் பிரிண்ட் இருந்தது.

"நான் எழுதிக் குடுத்த வரி எங்க வேணி?"

பீரோவிலிருந்து படிவத்தை எடுத்தேன். உடல்நலம் என்ற இடத்தில் அவர் எழுதியிருந்தது: நல்ல ஆரோக்கியம். "இடது காது கேட்காது". மற்றபடி குறையில்லை. பிரிண்டில் இருந்தது 'நல்ல ஆரோக்கியம்' மட்டும்.

முக்கியமானதை மேற்கோள் குறிக்குள் போடுவது நம்மவர்கள் வழக்கம். கல்யாணப் பத்திரிகையிலும் போடுவோம், சுவர் விளம்பரத்திலும் போடுவோம். என் புரோகிராமோ ஒவ்வொரு விவரத்தையும் தன் பங்குக்கு மேற்கோள் குறிக்குள் வைத்துத்தான் பக்கத்துக்கு அனுப்பும். நடுவில் இன்னொரு குறி வந்தால், விவரம் இத்தோடு முடிந்தது என்று பிரௌசர் மிச்சத்தை விட்டுவிடும். எது கட்டாயம் கண்ணில் பட வேண்டுமென்று குறி போட்டார்களோ, சரியாக அதுவே காணாமல் போயிருக்கிறது. சோதித்துப் பார்க்காத என்னை என்ன சொல்லித் திட்டுவது?

பெங்களூர் மாப்பிள்ளை ஒருவன் இந்தப் பக்கத்தைப் பார்த்து நாங்குநேரியிலிருக்கும் பெற்றோருக்கு அனுப்பியிருக்கிறான். அவர்கள் வந்து பார்த்து, பிடித்துப்போய், பூ வைத்தார்கள். காது விஷயம் தெரிந்தே வருகிறார்கள், பெரிய மனசு என்று சார் நம்பியிருந்தார். அன்றைக்கே மாப்பிள்ளையின் அத்தை இடப்பக்கம் உட்கார்ந்து ஏதோ கேட்க, கோமுவின் காதில் விழவில்லை. மறைத்துவிட்டீர்கள் என்று பிரிண்டை நீட்டிச் சம்பந்தத்தை முறித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"என்னையப் பொய்யன்னுட்டாவ. அந்த வரி வரணும்" என்றார் சார்.

பத்தே நிமிட வேலை. உள்ளே வரும் குறியை வேறு குறியீடாக மாற்றி அனுப்பும்படி ஒரு வரி சேர்த்தேன். மற்றவர்கள் பக்கங்களையும் திறந்து பார்த்தேன். "மறுமணம்", "வெளிநாடு செல்ல விருப்பமில்லை" என்று விழுங்கப்பட்டதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. எந்தெந்த வீட்டில் என்னென்ன நடந்ததோ. கோமுவின் பக்கத்தில் வரி முழுசாக இருந்தது. சார் இரண்டு முறை படித்தார்.

"இப்ப சரியா இருக்கு."

கோமு அப்பாவிடம் சொன்னாள்: "நாலு வருசமா இந்த வரியோடதான் எல்லார்ட்டயும் எழுதிக் குடுத்திய. ஒருத்தரும் வரல. வரி இல்லாம வந்தாவ, வச்ச பூவ நானே எடுத்துக் குடுத்தேன். போதும்ப்பா. என் பக்கத்தையே எடுத்துரச் சொல்லுங்க."

"ஏம்மா இப்படிப் பேசுத?" என்றார் சார்.

மன்னிப்புக் கேட்கலாம், கேட்டு என்ன ஆகப்போகிறது? நீக்கும் பட்டனைக் காட்டிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தேன். கோமு உட்கார்ந்து மவுஸைப் பிடித்தாள். அழுத்தப் போனவள் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"இதாவது ஒழுங்கா வேல செய்யுமாக்கா?"