பின்வேலியில் ஒரு வழி

புதைக்கப்போகும் காய்க்கு அவருடைய சட்டையைப் போட்டுப் பொத்தான் மாட்டும்போதுதான் கழுத்துப் பொத்தான் இல்லாதது கண்ணில் பட்டது. தைத்துத் தருகிறேன் என்று நான் சொல்லி மூன்று வருஷமாகிறது. அப்படிச் சொன்ன மறுநாள்தான் என் கணவர் ஒகோலா, ஏரிக்கு மீன்பிடிக்கப் போனார். படகு மட்டும் கரை ஒதுங்கியது.

தேடாத இடமில்லை. காவல் நிலையத்தில் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். வானொலியில் பெயரையும் அடையாளத்தையும் வாசித்தார்கள். பிணவறையில் ஒவ்வொரு துணியாக விலக்கிக் காட்டியவர், "இவரும் இல்லையாம்மா?" என்று அலுத்துக்கொண்டார். தீவுகளில் அவரைப் பார்த்ததாக நாலு பேர் சொன்னார்கள், நாலு விதமாக. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. செத்தாரா, ஓடிப்போனாரா என்றுகூடச் சொல்லாமல் போன மனுஷன்.

உடல் கிடைக்காதவருக்குப் பதிலாக யாகோ காயைப் புதைப்பது எங்கள் வழக்கம். சுரைக்காய் மாதிரி நீளமாக, நல்ல கனமாக மரத்தில் தொங்கும். கொழுந்தன் ஒதேரோதான் அதைப் பறித்து வந்தான்.

"மூணு வருஷம் போதும் அண்ணி. அண்ணன் பேர்ல ஒரு குழி இல்லாம இந்த வீட்டுல எதுவும் நடக்க மாட்டேங்குது. உங்க பொண்ணு தூக்கத்துல அலறுறா. இன்னும் எதுக்குக் காத்திருக்கீங்க?"

"திரும்பி வந்துட்டா?"

"புதைச்சவரு எப்படி வாசல் வழியா வருவாரு? நடக்குறதப் பேசுங்க."

அதுதான் என் பயமே. பெயர் சொல்லிப் புதைத்த ஆள் உயிரோடு வந்தாலும் வாசலில் கால் வைக்கக்கூடாது. பின்வேலியில் புதிதாக வழி திறந்தால்தான் நுழையலாம். அதனால் புதைப்பதற்கு முந்தின நாளே யாருக்கும் தெரியாமல் கள்ளிவேலியை ஓர் ஆள் அகலத்துக்கு வெட்டிவிட்டேன். கள்ளிப்பால் பட்டுக் கை எரிந்தாலும், என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

உச்சி வெயிலில் புதைத்தோம். பிறகு எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்து மீனும் களியும் சாப்பிட்டார்கள். கை கழுவப் போன ஒதேரோ திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றான்.

"பின்வேலிய யாரு வெட்டுனது?"

"நான்தான். உசுரோட வந்தா நுழையணுமில்ல?"

அவன் குரல் தாழ்ந்தது. "உசுரோட வர்றவங்களுக்கு மட்டுமா அண்ணி அந்த வழி? வெளிய செத்தவங்கள அதுவழியாத்தானே கொண்டுவர்றோம்."

என் அப்பாவையே அப்படித்தான் தூக்கி வந்தார்கள். எப்படி மறந்தேன்?

அப்போது ஒகோலாவின் நாய் எழுந்தது. மூன்று வருஷமாகக் குதிருக்கடியில் சுருண்டே கிடந்த கிழட்டு நாய். வாலை ஆட்டிக்கொண்டு பின்வேலிக்குப் போனது. திரும்பும்போது மெதுவாக நடந்தது. நாலடிக்கு ஒருமுறை தலையைத் தூக்கிப் பக்கத்தில் பார்த்தது. அவர் வலையைத் தோளில் போட்டு வரும்போது அப்படித்தான் கூட வரும். இப்போது பக்கத்தில் யாரும் இல்லை.

"அண்ணி, கதவச் சாத்துங்க," என்றான் ஒதேரோ.

நான் நிலைப்படியில் நின்றிருந்தேன். நாய் எனக்கு ஓரடி முன்னால் வந்து நின்றது. ஈர வலையின் வாடை அடித்தது. சேர்த்து வைத்திருந்த திட்டு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"சட்டையப் புதைச்சுட்டேனே," என்றேன்.

பிறகு ஒதுங்கி வழிவிட்டேன். நாய் உடனே உள்ளே போகவில்லை. ஓர் ஆள் படி தாண்டும் நேரம் காத்திருந்துவிட்டு, பின்னாலேயே போனது.