துபாய்க்குப் போன வெங்காயம்

குன்னத்துக்குத் தெற்கே சாலையோரம் தகரக் கூரை போட்ட வெங்காயக் கொட்டகை எழும்பியது எண்பத்து மூன்றாம் வருஷம். அது யாரால் வந்தது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். செங்கமலத்துக்குத்தான் அந்தப் பேச்சைக் கேட்கப் பிடிக்காது.

அவள் கொழுந்தன் பழனிவேல் துபாயில் ஒரு காய்கறிக் கடையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான். கட்டட வேலைக்கென்று நம் பக்கத்து ஆட்கள் கும்பல் கும்பலாக அங்கே போய்ச் சேர்ந்த காலம். குழம்புக்குச் சின்ன வெங்காயம் கேட்டு அவர்கள் கடை கடையாக அலைந்தார்கள். எங்கள் ஊரில் அது களத்து மேட்டில் குவிந்து கிடக்கிறது என்று பழனிவேல் முதலாளியிடம் சொன்னான். அவரும் கொஞ்சம் வரவழைத்துப் பார்த்தார். வந்த வேகத்தில் விற்றுப்போனது. அடுத்த வருஷமே தன் பணத்தைப் போட்டு இங்கே கொட்டகை கட்டி, சாமிதுரை என்பவரை மேலாளராக வைத்துவிட்டார். வெங்காயத் தாளும் வேரும் அரிய, மூட்டை பிடிக்க என்று நாற்பது பெண்களுக்கு வேலை கிடைத்தது. அவர்களுக்குக் கண்காணி, பழனிவேலின் பெண்டாட்டி மலர்கொடி.

செங்கமலம் அந்த நாற்பதில் ஒருத்தி. மூத்தவள், அரிவாள்மணை முன்னால் தரையில் உட்கார்ந்திருப்பாள். இளையவள் செருப்புப் போட்டுக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடப்பாள். மலர்கொடியின் கையில் கைக்கடிகாரம் இருந்தது. பெண்கள் அவளிடம் நிமிஷத்துக்கு ஒருமுறை மணி கேட்டார்கள். நேரம் தெரிந்து என்ன ஆகப்போகிறது இவளுகளுக்கு என்று செங்கமலத்துக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அக்கா, வேரை இன்னும் ஒட்ட அரிங்க" என்று மலர்கொடி ஒருநாள் மெதுவாகத்தான் சொன்னாள். அன்று செங்கமலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுக்கு உள்ளே கிடந்து அறுத்த சங்கதி வேறு. திருச்சி ஏஜெண்ட் துபாயில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது என்று சொன்னபோது, முதலில் பெயர் கொடுத்தது அவள் புருஷன் அய்யம்பெருமாள்தான். அவள்தான் அழுது புரண்டு, சிறுவாச்சூர் மதுரகாளி சந்நிதியில், துபாய்க்குப் போக மாட்டேன் என்று அவனைச் சத்தியம் பண்ண வைத்தாள். பழனிவேல் தனியாகப் போனான். அந்தச் செருப்பும் கடிகாரமும் தன்னுடையவை, இவள் போட்டுக்கொண்டு திரிகிறாள் என்றே அவளுக்குத் தோன்றும். புருஷனைக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

ஐப்பசி மழையில் ஒரு குவியல் நனைந்துபோனது. அதை ஏற்றுமதிக்குத் தொடக் கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். மறுநாள் லாரி வர வேண்டும். மத்தியானம் தபால்காரர் வந்து துபாய்க் கடிதம் என்று கூப்பிட, மலர்கொடி சாலைக்கு ஓடினாள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அந்த ஓட்டத்தைப் பார்த்த செங்கமலத்துக்கு என்ன வந்ததோ, எழுந்து போய் நனைந்த வெங்காயத்தைக் கூடையில் அள்ளி ஐந்து மூட்டைகளின் நடுவில் கொட்டினாள். மேலே நல்லதைப் பரப்பிச் சாக்கைத் தைத்தாள். மலர்கொடி திரும்பி வந்து, சிரித்த முகத்தோடு ஒவ்வொரு மூட்டையிலும் சரிபார்த்ததற்கு அடையாளமாக நீல மையில் தன் குறியைப் போட்டாள்.

கொச்சியில் கப்பலேறிய சரக்கு போய்ச் சேர்வதற்குள் ஐந்து மூட்டை அழுகல் பக்கத்து மூட்டைகளுக்கும் பரவிவிட்டது. பாதிக்கு மேல் குப்பையில் கொட்ட வேண்டியதாகிவிட்டது என்று தந்தி வந்தது. இனி வேறு ஊரில் வாங்கிக்கொள்கிறேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். சாமிதுரை கொட்டகையைப் பூட்டினார். மூட்டையில் இருந்த நீலக் குறியை வைத்து மலர்கொடியின் தலையில்தான் பழி விழுந்தது. பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள்.

முதல் நாள் செங்கமலத்துக்கு உள்ளூர இனித்தது. இரண்டாம் நாள் அய்யம்பெருமாள் காட்டிலிருந்து வந்து மண்வெட்டியை மூலையில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். கொட்டகையை நம்பி அவன் அந்த வருஷம் சோளம் போடாமல் முழுக்க வெங்காயமே ஊன்றியிருந்தான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான்.

பத்து நாள் கழித்து மலர்கொடி ஒரு கடிதத்தோடு வந்தாள். இரண்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஊர்ச் சரக்குக்கு வாக்குக் கொடுத்தவன் என்று பழனிவேலைக் கடையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இப்போது கட்டடத்தில் வெயிலில் சிமெண்டு மூட்டை சுமக்கிறான். இந்தப் பொங்கலுக்கு வர முடியாது. அண்ணன் இங்கே வராததே நல்லது, அண்ணியிடம் சொல் என்றும் எழுதியிருந்தான்.

செங்கமலம் "நான்தான் போட்டேன் மலரு, அந்த நனைஞ்ச வெங்காயத்த" என்றாள்.

மலர்கொடி கடிதத்தை மடித்தாள். "எதுக்குக்கா?"

"உன்னயப் பாக்கப் பொறுக்கல."

மலர்கொடி அடிப்பாள், கத்துவாள் என்று செங்கமலம் காத்திருந்தாள். அவளோ, "இத சாமிதுரை சார்கிட்ட வந்து சொல்லுங்க. இப்பவே வாங்க" என்றாள். செங்கமலம் போனாள். சாமிதுரை முன்னால், அக்கம்பக்கம் நாலு பேர் கேட்க, ஒன்று விடாமல் சொன்னாள். அய்யம்பெருமாள் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

சாமிதுரை முதலாளிக்கு விவரமாக எழுதினார். ஒரே ஒரு லோடு அனுப்பிப் பார்க்கச் சொல்லிப் பதில் வந்தது. மாசியில் கொட்டகை திறந்தது. பழனிவேலைக் கடைக்குத் திரும்ப எடுக்கவில்லை, அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. செங்கமலத்துக்கு வேலை கிடையாது என்பதை மலர்கொடியே சொல்லி அனுப்பினாள்.

அறுவடை முடிந்து, வீட்டு வெங்காயத்தைக் கூடையில் சுமந்துகொண்டு செங்கமலம் விற்பதற்காகக் கொட்டகை வாசலுக்குப் போனாள். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அரிந்துகொண்டிருந்தார்கள். மலர்கொடி நடுவில் நின்றாள். செங்கமலத்துக்கு நெஞ்சில் பழைய எரிச்சல் அப்படியே கிளம்பியது. அது போய்விட்டிருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள்.

மலர்கொடி வாசலுக்கு வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. "கூடையக் கொட்டிப் பாக்கணும்" என்றாள். மற்றவர்கள் யார் கூடையையும் அப்படிக் கேட்டதில்லை.

செங்கமலம் சாக்கை விரித்தாள். கூடையைத் தானே கவிழ்த்து, அடியில் இருந்ததெல்லாம் மேலே வரும்படி இரண்டு கையாலும் பரப்பிவிட்டுத் தள்ளி நின்றாள்.